குண்டா இருக்கேன், குழந்தைக்கு முயற்சி பண்றோம். கேஎல், பினாங்கு பக்கம் இந்த வழியா வந்தவங்க இருக்கீங்களா?

செந்தூல்_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் எழுதுறேன்.

வயசு 33. உயரம் 158 செமீ, எடை 92 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கிற கணக்கு) கிட்டத்தட்ட 37 வருது. பீரியட் ஒழுங்கா வராது, பிசிஓஎஸ்னு (ஹார்மோன் கோளாறால கருமுட்டை ஒழுங்கா வராத பிரச்சினை) படிக்கிற காலத்துலயே சொல்லிட்டாங்க. சர்க்கரை, பிரஷர் இல்லன்னு நினைக்கிறேன் (கடைசியா எப்போ பார்த்தேன்னு மட்டும் கேக்காதீங்க). இப்போ குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்னு நானும் அவரும் முடிவு பண்ணியிருக்கோம்.

போன மாசம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கல. "20 கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னு சொல்லி அனுப்பிட்டார். எப்படிக் குறைக்கிறது, அதுவரைக்கும் என்ன டெஸ்ட் எடுக்கணும், என்ன மாத்திரை சாப்பிடணும், ஒரு வார்த்தை கிடையாது. ஃபீஸ் மட்டும் சரியா வாங்கிட்டாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டுதான். கர்ப்பமாகறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும்? என்னை மாதிரி உடம்போட பெத்தவங்களுக்கு கிளினிக்லயும் பிரசவ வார்டுலயும் எப்படி இருந்துச்சு? எலுமிச்சைத் தண்ணி, சீரகத் தண்ணி ஐடியா எல்லாம் எங்க வீட்டுலயே நிறைய ஸ்டாக் இருக்கு, அதை மட்டும் தயவுசெஞ்சு வேணாம்.

பட்டர்வொர்த்_ராணி

மல்லி, வாங்க வாங்க. ரெண்டு பிள்ளைங்க எனக்கு, ரெண்டு தடவையும் மூணு இலக்க எடைதான். ரெண்டாவதுல சர்க்கரை வந்துச்சு, இன்சுலின் போட்டேன், சுகப்பிரசவம். பிள்ளை இப்போ சோபா மேல ஏறி ஃபேனைப் பிடிக்கப் பாக்குறான்.

வேலைக்குப் போற வழியில எழுதுறேன், ராத்திரி விவரமா வர்றேன். ஒண்ணு மட்டும் இப்பவே: "குறைச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டு வேற ஒண்ணும் சொல்லாத டாக்டர்கிட்ட திரும்பப் போகாதீங்க. காசு மிச்சம்.

பழைய_மிஸ்ஸி

தங்கச்சி மல்லி, நான் அரசாங்க கிளினிக்கில் தாய்சேய் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் வட்டாரத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போய், குழந்தைக்குத் திட்டமிடுகிறோம், 'ப்ரா கெஹாமிலான்' பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கர்ப்பமான பிறகுதான் அங்கே போக வேண்டும் என்று நம்மவர்களில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கர்ப்பத்துக்கு முன் பார்க்கிற சேவை தனியாகவே இருக்கிறது. பிரஷர், ரத்தத்தின் அளவு, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, தேவைப்பட்டால் தைராய்டு, எல்லாம் பார்க்கச் சொல்லலாம். ருபெல்லா ஊசி போட்டதாக நினைவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்த ஊசி போட்டால் ஒரு மாதம் கர்ப்பமாகாமல் இருக்க வேண்டும், ஆகவே முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி விழுகிற ஆளாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது கர்ப்பத்தில் பிரஷரைக் கூட்டும்.

அடுத்தது ஃபோலிக் அமிலம். சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 0.4 மில்லிகிராம் போதும். பிஎம்ஐ 30-க்கு மேல் என்றால் 5 மில்லிகிராம் என்பதுதான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் சங்கம் சொல்லும் அளவு. கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, 12 வாரம் வரைக்கும். ஃபார்மசியில் அழகான டப்பாவில் விற்கிற மல்டிவிட்டமினில் பெரும்பாலும் 0.4 தான் இருக்கும், லேபிளைப் படியுங்கள். ஏன் முன்பே என்றால், குழந்தையின் முதுகுத்தண்டாகவும் மூளையாகவும் ஆகப்போகிற குழாய், கரு உருவாகி நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவளுக்கே அப்போதுதான் சந்தேகம் வரும். பிசிஓஎஸ் உள்ளவள் "வழக்கம்போல தள்ளிப்போகிறது" என்று இன்னும் இரண்டு மாதம் சும்மா இருந்துவிடுவாள். அதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும்.

எடை பற்றி: 20 கிலோ குறைத்தால்தான் தாயாகலாம் என்று எந்த விதியும் இல்லை. பிசிஓஎஸ் இருக்கிறவர்களுக்கு, இருக்கிற எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு இறங்கினாலே கருமுட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பிக்கலாம். உங்கள் 92-க்கு அது 5 முதல் 9 கிலோ. அந்த டாக்டர் சொன்னதில் பாதிகூட இல்லை.

நேருக்குநேர்

மன்னிக்கணும், எல்லாரும் பூப்போட்டுப் பேசுறீங்க. டாக்டர் சொன்ன விதம் தப்பா இருக்கலாம், சொன்ன விஷயம் தப்பில்ல. எடை கூட இருந்தா கர்ப்ப காலச் சர்க்கரை, பிரஷர், கால்ல ரத்தக்கட்டு, ஆபரேஷன் எல்லாத்துக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தை பெருசாகி தோள் மாட்டிக்கிற ஆபத்தும் உண்டு. குழந்தைக்கும் சேர்த்துத்தானே இந்த ரிஸ்க்? ஒரு வருஷம் பொறுத்து, குறைச்சிட்டு, அப்புறம் பெத்துக்கிட்டா என்ன கெட்டுப்போகும்?

பழைய_மிஸ்ஸி

நீங்கள் அடுக்கிய ஆபத்துகள் எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் பொறுத்தால் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கணக்கில் வயது இல்லை. தங்கச்சிக்கு 33. இருபது கிலோ எல்லாருக்கும் ஒரே வருடத்தில் இறங்காது. இறங்கியது அடுத்த தீபாவளிக்குள் திரும்பி வந்தும் உட்காரும். அப்படியே 36, 37 ஆனால், எடையால் வந்த ஆபத்து கொஞ்சம் குறைந்திருக்கும், வயதால் வருவது கூடியிருக்கும், கருமுட்டையும் குறைந்திருக்கும். 35-க்குக் கீழே இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு டாக்டரைப் பார்க்கலாம், 35-க்கு மேல் ஆறு மாதத்திலேயே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதனால்தான். மாதவிடாயே ஒழுங்கில்லாதவள் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னிடம் கேட்டால், ஆறு மாதம் என்று ஒரு கெடு வைத்து முடிந்த அளவு குறைக்கச் சொல்லுவேன். கெடு முடிந்ததும் முள் எங்கே நின்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும். எடையைக் காரணம் காட்டி பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய கேடு.

இன்னொன்று. 2023-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், மலேசியாவில் வளர்ந்தவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். ஆசியர்களுக்கு அளவுகோலும் கடுமையானது, பிஎம்ஐ 23-லேயே எடை கூடுதல், 27.5-லேயே உடற்பருமன் என்று பார்ப்பார்கள். கிளினிக்கில் உங்களுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் உங்கள் கட்சிதான்.

அம்பாங்_ஜோதி

நடுவுல ஒரு சந்தேகம். நான் எடை குறைக்க வாரம் ஒரு தடவை போடுற செமாகுளுடைடு ஊசி எடுக்கிறேன், எடை நல்லாவே இறங்குது. அதோடயே முயற்சி பண்ணலாமா?

பழைய_மிஸ்ஸி

கூடாது. முயற்சி தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாகுளுடைடை நிறுத்த வேண்டும். அது உடம்பை விட்டுப் போக அவ்வளவு நாள் பிடிக்கும். ஊசி போடும்போதும், நிறுத்தி அந்த இரண்டு மாதம் முடியும் வரைக்கும் கருத்தடை கட்டாயம். எடை இறங்கியதும் நின்றுபோன கருமுட்டை திரும்ப வர ஆரம்பித்து, எதிர்பாராமல் கர்ப்பமானவர்கள் உண்டு. அதே மாதிரி இன்னொரு ஊசியான டிர்செபடைடு என்றால் கருத்தடை மாத்திரையின் பலனையே அது குறைக்கும், வேறு முறை கேளுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை, சில வகை பிரஷர் மாத்திரைகளும் கர்ப்பத்துக்கு ஆகாது. நீங்களாக நிறுத்தாமல், திட்டம் இருக்கிறது என்று சொல்லி மாற்றி வாங்குங்கள். இரைப்பை ஆபரேஷன் செய்தவர்கள் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும்.

ஜெலுத்தோங்_வீட்டுக்காரர்

ஆம்பளை எழுதலாமா? எழுதுறேன்.

என் மனைவி பெரிய உடம்பு. முதல் மாசத்துல இருந்து அவளோட எல்லா செக்கப்புக்கும் போயிருக்கேன். எங்களுக்கு வந்த ஒரு பிரச்சினை என்னன்னா பிரஷர் பட்டை. சாதாரண பட்டையை அவ கையில சுத்துனா நுனி மட்டும்தான் ஒட்டும். மெஷின் காத்தடிக்க ஆரம்பிச்சதும் பர்ர்ர்னு பிரிஞ்சிடும். மிஸ்ஸி திரும்ப இறுக்கிச் சுத்துவாங்க, பின்னாடி வரிசையில நிக்கிறவங்க எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, இவளுக்கு முகம் சிவந்துடும். கடைசியா ஒரு நம்பர் வரும்: 150-க்கு 95. உடனே எல்லாரும் பரபரப்பாயிடுவாங்க.

அப்புறம் ஒரு வயசான மிஸ்ஸி வந்து அலமாரியில இருந்து பெரிய பட்டையை எடுத்துப் போட்டாங்க. கால் மணி நேரம் உட்கார வெச்சுத் திரும்ப எடுத்தா 128-க்கு 80. அதே கை, அதே பொம்பளை. சின்னப் பட்டையை பெரிய கையில போட்டா இல்லாத பிரஷரைக் காட்டும்னு அவங்கதான் சொன்னாங்க. அன்னையில இருந்து உள்ளே போனதும் நானே கேட்டுடுவேன்: "மிஸ்ஸி, கஃப் பெசார் அடா?" (பெரிய பட்டை இருக்கா?) வீட்டுக்கு மெஷின் வாங்கினா பெட்டியில போட்டிருக்கிற சுற்றளவைப் பார்த்து வாங்குங்க. கையை டேப் வெச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

புருஷன்மாருக்கு ஒரு வார்த்தை. வரிசையில அவ கூட நில்லுங்க. யாராவது ஏதாவது சொன்னா பதில் சொல்ற வேலையை நீங்க எடுத்துக்குங்க.

பட்டர்வொர்த்_ராணி

அண்ணே, உங்க மனைவி குடுத்து வெச்சவங்க. எங்காளு காடியிலேயே தூங்கிடுவாரு.

சரி, சர்க்கரைக்கு வர்றேன். மல்லி, கர்ப்பம்னு கிளினிக்ல பதிஞ்சு புக் போடும்போதே உங்களுக்கு அந்த ஆயர் கூலா (சர்க்கரைத் தண்ணி) டெஸ்ட் குடுப்பாங்க. எடை இருக்கிறவங்களுக்கு ஆரம்பத்துலயே ஒண்ணு, அது நல்லா இருந்தாலும் 24-ல இருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொண்ணு. முதல் தடவை பாஸ்தானே, ரெண்டாவது எதுக்குன்னு போகாம விட்டுடாதீங்க, நஞ்சு சுரக்கிற ஹார்மோன் எல்லாம் அப்பதான் ஏறுது. நஞ்சுன்னா நஞ்சுக்கொடி லா, விஷம் இல்ல.

ராத்திரி சாப்பிட்டு அப்படியே பட்டினி. காலையில ஒரு ரத்தம். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடுப்பாங்க. பாயசத்துல இருந்து ஜவ்வரிசியை எல்லாம் எடுத்துட்டு வெறும் பாகை மட்டும் குடிக்கிற மாதிரி இருக்கும். அஞ்சு நிமிஷத்துல குடிச்சு முடிக்கணும், வாந்தி எடுத்தா இன்னொரு நாள் திரும்ப வரணும். ரெண்டு மணி நேரம் ஆடாம உட்கார்ந்துட்டு ரெண்டாவது ரத்தம். மில்லிமோல் கணக்குல வெறும் வயித்துல 5.1, ரெண்டு மணி நேரம் கழிச்சு 7.8, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாலே சர்க்கரைன்னு புக்குல எழுதிடுவாங்க. ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, ஏர்கோன் கொல்லும். டெஸ்ட் முடிஞ்ச உடனே சாப்பிட பையில ஏதாவது வெச்சுக்குங்க.

சர்க்கரைன்னு ஆனதும் நான் அழுதேன். அப்புறம் சாப்பாட்டு ஆபீசர் ஒரு தட்டுப் படம் காட்டினாங்க: சுகு சுகு செபாரோ. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய். பினாங்குல பொறந்தவளுக்கு இது சும்மா இல்ல, நாசி கண்டார்ல குவா பஞ்சிர் (சோறு மூழ்க ஊத்துற குழம்பு) போடாம சாப்பிடணும்னா கண்ணுல தண்ணி வருது. ஆனா முடிஞ்சது. சோத்தை விடல, அளவைக் குறைச்சேன். பசியாற ரொட்டி சானாய்க்குப் பதிலா ரெண்டு தோசை, சாம்பாரு, ஒரு அவிச்ச முட்டை. தே தாரிக் (பால் டீ) போய் தே ஓ கோசோங் (பால், சீனி இல்லாத டீ). சாப்பிட்ட உடனே உட்காராம வீட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நடை. விரல்ல குத்திப் பார்த்தா எது ஏத்துது, எது ஏத்தலன்னு உங்க உடம்பே சொல்லும். எனக்கு சோறைவிட மீஹூன் (அரிசி நூடுல்ஸ்) தான் வேகமா ஏத்துச்சு, யாரும் நம்ப மாட்டாங்க. பசியாறுறதுக்கு முன்னாடி 5.3-க்குள்ள, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல 7.8-க்குள்ள நிக்கணும்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க.

அப்படியும் காலை நம்பர் இறங்கல. ராத்திரி முழுக்க ஒண்ணும் சாப்பிடாம இருக்கிறப்போ ஏறுற சர்க்கரைக்கு நான் என்ன பண்ண முடியும்? இன்சுலின் போட்டாங்க. இன்சுலின்னா ஏதோ ஃபெயிலாயிட்ட மாதிரி சொந்தக்காரங்க பேசுவாங்க, காதுல வாங்காதீங்க.

நேருக்குநேர்

ராணி சொன்னது நல்ல தகவல். ஒரு கேள்வி: கர்ப்பமா இருக்கும்போதே டயட் இருந்து எடை குறைக்கலாமா? ஏற்கெனவே சேமிப்பு உடம்புல இருக்குதானே?

பழைய_மிஸ்ஸி

வேண்டாம். கர்ப்பத்தில் எடை குறைக்கும் டயட் கிடையாது, ஏற்றத்தை அளவோடு வைப்பதுதான் வேலை. பிஎம்ஐ 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு மொத்தக் கர்ப்பத்திலும் 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்று அமெரிக்க மருத்துவ ஆய்வுக் கழகம் 2009-ல் வகுத்தது, ஒற்றைப் பிள்ளைக்கு. ஒல்லியான நாத்தனாருக்கு 14 கிலோ ஏறியது என்று அந்தக் கணக்கைக் கொண்டுவந்து இங்கே வைக்காதீர்கள். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று ஊட்டுகிற மாமியாருக்கும் இதே பதில்தான்.

தங்கச்சிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்து, முதல் கர்ப்பமாகவும் இருந்தால், கர்ப்ப காலப் பிரஷருக்கு அது இரண்டு காரணம். அந்த மாதிரிப் பெண்களுக்கு 12-ஆவது வாரத்திலிருந்து சின்ன அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள், 75 முதல் 150 மில்லிகிராம். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், "எனக்கு ஆஸ்பிரின் தேவையா டாக்டர்?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். 16 வாரத்துக்குப் பிறகு தொடங்கினால் பலன் குறைவு. பத்து வாரத்துக்குள் புக் போட்டால்தான் இதையெல்லாம் பேச நேரம் இருக்கும். மூன்று மாதம் வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கிளினிக்குக்கும் சொல்லாமல் இருக்கிற பழக்கத்தை விடுங்கள்.

புக்கில் கலர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. உங்களுக்கு வெள்ளை வராது. பயப்பட வேண்டாம், உங்களை டாக்டர் பார்க்க வேண்டுமா, ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டுமா என்று எங்களுக்கு அடையாளம், அவ்வளவுதான். சிவப்பு மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

பூச்சோங்_புதுஅம்மா

நான் இப்போதான் பெத்து வந்திருக்கேன், ஆபரேஷன். ஒரு கையில பிள்ளை, ஒரு கையில போன். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

ஸ்கேன் பத்தி யாரும் சொல்லல. 18-ல இருந்து 22 வாரத்துக்குள்ள டீடெய்ல் ஸ்கேன் எடுப்பாங்க. நம்ம வயித்துல கொழுப்பு கூட இருந்தா ஒலி அலை உள்ள போய்த் திரும்பி வர்றதுக்குள்ள பலம் குறைஞ்சுடும், படம் மங்கலா வரும். எனக்கு இதயம் சரியா தெரியலன்னு இன்னொரு நாள் வரச் சொன்னாங்க. பிள்ளைக்கு என்னமோன்னு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. ஒண்ணும் இல்ல, படம் தெரியல, அவ்வளவுதான். "திரும்ப வாங்க"ன்னா அதுக்கு அர்த்தம் கெட்ட செய்தி இல்லன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்குங்க. அந்த டாக்டர் என்னைக் கேட்டுட்டு, தொப்பையை மெதுவா மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லி அடிவயித்துல வெச்சுப் பார்த்தாங்க. பளிச்சுன்னு தெரிஞ்சது. அப்புறம், டேப் வெச்சு வயிறு அளக்கிறது நமக்கு அவ்வளவு சரியா வராது, வளர்ச்சி ஸ்கேன் வேணும்னு கேளுங்க.

அடுத்தது முதுகு ஊசி. எடை ரொம்ப கூட இருந்தா, முக்கியமா பிஎம்ஐ 40-க்கு மேல, மயக்க டாக்டரைப் பிரசவத்துக்கு முன்னாடியே பார்க்கணும்னு கேட்டு வாங்குங்க. முதுகெலும்பு இடுக்கைத் தடவிக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். வலி உச்சத்துல இருக்கும்போது குனிஞ்சு உட்கார்ந்து ஆடாம இருக்கிறது லேசு இல்ல. எபிடூரல் (முதுகுல சின்னக் குழாய் வெச்சு வலியை மரத்துப்போக வெக்கிறது) வேணும்னா சீக்கிரமே சொல்லிடுங்கன்னு என்னைப் பார்த்தவங்க சொன்னாங்க. அது போட்டிருந்தா, திடீர்னு ஆபரேஷன்னு ஆனாலும் அதே குழாய் வழியா மருந்து ஏத்திக்கலாம், முழு மயக்கம் தேவைப்படாம போகலாம்.

ஆபரேஷன் தழும்பு தொப்பை மடிப்புக்குக் கீழ வரும். அங்கதான் வேர்க்கும், அங்கதான் புண்ணு பிடிக்கும். நம்ம ஊரு வெக்கைக்கு சும்மா விடாது. குளிச்சிட்டு மடிப்பைத் தூக்கி சுத்தமான துணியால ஒத்தி ஒத்திக் காய வெப்பேன், தேய்க்க மாட்டேன். படுக்கும்போது ஃபேன் காத்து அங்க படுற மாதிரி படுப்பேன். உள்ளாடை இடுப்புக்கு மேல வரைக்கும் ஏறுறது வாங்குங்க, ரப்பர் தழும்பு மேல உட்காரக் கூடாது. செவந்து போனா, நீர் வடிஞ்சா, காய்ச்சல் அடிச்சா மறுநாள் வரைக்கும் பார்க்காம உடனே போயிடுங்க.

ரத்தம் கட்டாம இருக்க எனக்கு வீட்டுக்கு ஊசி குடுத்து விட்டாங்க, நானே தொடையில போட்டுக்கிட்டேன். முதல் நாளே எழுந்து நடக்கச் சொல்வாங்க, திட்டிக்கிட்டே நடங்க.

பிள்ளை அழுவுது, வர்றேன்.

ஜெலுத்தோங்_வீட்டுக்காரர்

பத்தியம் பத்தியும் யாராவது சொல்லுங்க. எங்க பாட்டி பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணியே குடுக்கக் கூடாதுன்னாங்க. வீட்டுல பெரிய சண்டை.

பழைய_மிஸ்ஸி

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, மருமகளுக்குத் தண்ணீர் கொடுங்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்து, அசையாமல் படுத்தும் கிடந்தால் காலில் ரத்தம் கட்டும். பெரிய உடம்புக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, உருவிவிடக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

மற்றபடி பத்தியத்தில் நல்லதும் நிறைய. பூண்டு, மிளகு ரசம், முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சொட்டச் சொட்டக் கிண்டின லேகியத்தை மட்டும், சர்க்கரை வந்தவள் என்றால் உருண்டையைச் சின்னதாக்குங்கள். ஆறு வாரம் கழித்து அவள் திரும்பவும் அந்த ஆயர் கூலா குடிக்க வேண்டும். பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று இந்த டெஸ்டுக்கு வராமல் போகிறவர்கள்தான் சில வருடம் கழித்து முழுச் சர்க்கரை நோயாளியாக வந்து நிற்பார்கள். வயிற்றில் பெங்கோங் (இறுக்கச் சுற்றும் துணி) கட்டுவது, உருத் (உடம்பு பிடித்துவிடுவது) போடுவது, ஆபரேஷன் ஆனவள் என்றால் தையல் ஆறி டாக்டர் சரி என்ற பிறகுதான்.

பால் பற்றி: பெரிய உடம்புள்ள அம்மாக்களுக்குப் பால் இறங்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். உடனே டின் பாலுக்குப் போகாமல், அடிக்கடி பிள்ளையை மார்பில் போடுங்கள். மார்பு பெரிதென்றால் மடியில் கிடத்துவதைவிட, பிள்ளையை அக்குளுக்குக் கீழ் இடுக்கிக்கொண்டு தலையணை வைத்துக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளையின் மூக்கும் தெரியும், தையலிலும் படாது. பிரசவமான முதல் நாட்களில் மிஸ்ஸி வீட்டுக்கே வருவார்கள், அவர்கள் முன்னால் கொடுத்துக் காட்டி சரியா என்று கேளுங்கள்.

செந்தூல்_மல்லி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடியே கிளினிக்குக்குப் போயிட்டு வந்தேன். ப்ரா கெஹாமிலான்னு சொன்னதும் கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒண்ணும் யோசிக்கல, நேரா உள்ள அனுப்பிட்டாங்க. எச்பிஏ1சி 5.8, சர்க்கரைக்கு முந்தின படின்னு சொன்னாங்க. பிரஷர் நல்லா இருக்கு, பெரிய பட்டை கேட்டுத்தான் எடுத்தேன் (அண்ணனுக்கு நன்றி). ஃபோலிக் 5 மில்லிகிராம் குடுத்துட்டாங்க. மெட்ஃபார்மின்னு சர்க்கரை மாத்திரையும் ஆரம்பிச்சிருக்காங்க. சாப்பாட்டு ஆபீசருக்குத் தேதி குடுத்திருக்காங்க, துங்கு அஸிஸா ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புறதைப் பத்தியும் அடுத்த தடவை பேசலாம்னாங்க. அந்த டாக்டரம்மா "ஆறு கிலோ போதும், அதுக்குள்ள வந்தாலும் சந்தோஷம்"னு சிரிச்சாங்க.

வீட்டுல மாமியார்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாள் சோத்துல கை வெக்கும்போது கீரையைக் கூட வெச்சாங்க.

நேருக்குநேர்

நல்ல செய்தி. ஒரு கேள்வி கேட்டு எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டாலும், கெடு வெச்சுக் குறைக்கிறதுன்னு மிஸ்ஸி சொன்னதை ஒத்துக்குறேன். எங்க வீட்டுலயும் அதையே பேசிட்டோம்.

வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 2023 ஜனவரி 1-ல இருந்து தனியார் வேலைக்கும் பிரசவ லீவு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். சில முதலாளிங்க இன்னும் பழைய 60-ஐயே சொல்லிக்கிட்டு இருப்பாங்க, விடாதீங்க. மெடிக்கல் கார்டு சாதாரணப் பிரசவத்துக்குப் பெரும்பாலும் வராது, தனியார்ல பெத்துக்கிறதா இருந்தா இப்பவே காசைத் தனியா எடுத்து வைங்க.

செந்தூல்_மல்லி

நன்றி அண்ணா. அசட்டுத்தனமா ஒரு கடைசிக் கேள்வி, ராணி அக்காவுக்கு. வார்டுல குடுக்கிற உடுப்பு நமக்குப் பத்துமா? சிரிக்காதீங்க, ராத்திரி எனக்கு இதுதான் யோசனை.

பட்டர்வொர்த்_ராணி

இதுல என்ன சிரிப்பு, எனக்கும் அதே யோசனைதான் இருந்துச்சு. எனக்குக் குடுத்தது முன்னாடி மூடல. "பெசார் சிகிட் அடா?" (கொஞ்சம் பெருசு இருக்கா?)ன்னு கேட்டதும் உள்ள இருந்து பெரிய சைஸ் கொண்டாந்தாங்க, கேட்டா இருக்கு. கீழ கட்டிக்க கைன் பாத்தேக் (பாத்தேக் துணி) நீங்களே கொண்டு போகணும். தைச்ச கைலி எடுக்காதீங்க, அளவு பிடிச்சுக்கும். தைக்காத நீளத் துணியா எடுங்க, எந்த இடுப்பையும் சுத்தி வரும், ரத்தம் பட்டாலும் அவிழ்த்து மாத்திக்க லேசு. வீட்டுக்கு வர்றப்போ போட முன்பக்கம் ஜிப் வெச்ச நைட்டி, பிரிக்ஃபீல்ட்ஸ்ல மூணு எக்ஸ்எல் வரைக்கும் தொங்குது, நாலு வேணும்னா உள்ள கேளுங்க, எடுத்துத் தருவாங்க.